பேர் சொல்லச் சொன்ன வகுப்பு

1

ஜெயங்கொண்டத்துப் பெண் ஒருத்தி எங்கள் தெருவுக்குக் குடிவந்திருக்கிறாள். பெயர் கவிதா. இங்கிலாந்தின் வடக்கில் இந்தக் குளிர் பிடித்த ஊரில், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு டவுன் பஸ்ஸில் போய்வந்த ஒருத்தியைப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. போன வாரம் கையில் மூன்று நோட்டீசுகளோடு வாசலில் வந்து நின்றாள். ஐந்து மாதம்.

"அக்கா, பிரசவத்துக்குன்னு கிளாஸ் போவணுமாம்ல. இதுல எதுக்குப் போறதுன்னு நீங்கதான் சொல்லணும். நீங்க போனீங்களாமே?"

"போனேன்" என்றேன். டீ போடுகிறேன் என்று சொல்லி அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். இரண்டு வருடம் ஓடிவிட்டது, மகள் நடக்கிறாள், பேசுகிறாள். அந்த வகுப்பை நினைத்தால் மட்டும் இன்னும் காது சுடுகிறது.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இது புரியாது. இங்கே பிள்ளை பெறுவதற்குப் பாடம் நடத்துகிறார்கள். வலி எப்படி வரும், மூச்சை எப்படி விடுவது, பிறந்ததை எப்படித் தூக்குவது எல்லாம் சொல்லித் தருகிறார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய் உட்கார வேண்டும். பிரசவ அறைக்குள்ளும் புருஷன் வரலாம். வராவிட்டால்தான் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

நம் பக்கத்தில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான், அதில் பேச்சே கிடையாது. வளைகாப்பு போட்டு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். மாப்பிள்ளை பிள்ளை பிறந்த பிறகு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்ப்பார். எனக்கும் அந்த நினைப்புதான் இருந்தது. ஆனால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது. விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் போக முடியாது என்றால் அம்மா வர வேண்டும். அம்மாவும் வராவிட்டால் அந்த அறையில் நான் யாரைப் பிடித்துக்கொண்டு கத்துவது? அந்த வருடம் முழுக்க எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

2

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. கீழப்பழுவூரில் எங்கள் தெருவில் யாருக்குமே கிடையாது. திருச்சிக்குப் போய் மனு கொடுக்க வேண்டும், பிறகு போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போகும், அதற்கப்புறம் விசாவுக்குச் சென்னை. இதை நான் போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போலீஸ் என்ற சொல்லில் அப்பா எகிறிவிட்டார்.

"நம்ம வூட்டு வாசல்ல போலீஸ்காரன் வந்து நிப்பானா? என்னா ஏதுன்னு தெருவே வேடிக்கை பாக்கும். மானம் மரியாதையோட இருக்குற குடும்பம் இது. ஒண்ணும் வாணாம், வுடு."

அம்மாவிடம் போனைக் கொடுத்தார். அம்மாவும் அதையே கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா சொல்றதும் சரிதானடி. தம்பிக்குப் பள்ளிக்கூடம் இருக்குது, மாடு இருக்குது. நான் வந்துட்டா இவுருக்கு யாரு சோறாக்கிப் போடுறது?"

"எனக்கு யாரும்மா இருக்கா?"

"ஏன், மாப்ள இல்ல?" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். பிரசவத்துக்கு ஆம்பிளையைத் துணைக்கு வைப்பது என்றால் அவளுக்கு அவ்வளவு சிரிப்பு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர்தான் தயிர்சோறு பிசைந்து எடுத்துவந்து, "அத்தை வராட்டி போவட்டும், நான் வரேன். நான் வந்தா ஆவாதா?" என்றார்.

3

என் வீட்டுக்காரர் பெரம்பலூர். எந்த சார் கணக்கு நன்றாக எடுக்கிறார், எந்த டியூஷனில் போன வருடம் எத்தனை பேர் நூறு வாங்கினார்கள் என்று விசாரித்தே வளர்ந்தவர். வகுப்பு என்று ஒன்று இருந்தால் அதில் நல்லது எது என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. ஆபீஸ் விட்டு வரும்போது ஆஸ்பத்திரியிலும் லைப்ரரியிலும் இருந்த நோட்டீசுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினார்.

கடைசியில் மூன்று தேறியது. ஒன்று ஆஸ்பத்திரியே நடத்தும் இலவச வகுப்பு, பட்டப்பகலில், அவருக்கு லீவு கிடைக்காது. இன்னொன்று நம் நாட்டுப் பக்கத்துப் பெண்களுக்கு மட்டும், ஆண்களுக்கு அனுமதி இல்லை. மூன்றாவது சாயங்காலத்தில், ஒரு சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில், தம்பதியாகப் போவது.

மூன்றாவதை நடத்துகிறவர்களுக்கு அவர் போன் போட்டார். நேரம் கேட்டார், இடம் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "போன தடவை படித்தவர்களுக்கெல்லாம் ரிசல்ட் எப்படி?" என்று கேட்டுவிட்டார். "எல்லாருக்கும் குழந்தை பிறந்தது" என்று பதில் வந்தது. நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

சிரித்தேனே தவிர, அதற்குப் போகிறேன் என்று சொல்லவில்லை. வெள்ளைக்கார ஆம்பிளைகள் உட்கார்ந்திருக்க, இவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலை எப்படி அகட்டுவது என்று கேட்கவா? எனக்கு நினைக்கவே உடம்பு கூசியது. பெண்கள் மட்டும் இருக்கும் இடம்தான் நமக்கு லாயக்கு என்று அதற்குப் போனேன்.

அங்கே எல்லாரும் பஞ்சாபியும் உருதும் பேசினார்கள். அது பரவாயில்லை, படம் போட்டுக் காட்டினார்கள். ஆனால் ஒவ்வொருத்தியும் அம்மாவோடு வந்திருந்தாள். அம்மா இல்லாதவள் மாமியாரோடு, மாமியார் இல்லாதவள் அக்காவோடு. இடுப்பை நீவிவிடப் பழக்கினபோது எனக்குப் பின்னால் உட்கார ஆள் இல்லை. யாரோ ஒரு அம்மா தன் பெண்ணை விட்டுவிட்டு எழுந்து வந்து என் இடுப்பில் கை வைத்து, உன் மம்மி எங்கே என்று கேட்டார். நான் சிரிக்க முயற்சி செய்து அழுதுவிட்டேன். அடுத்த வாரமே சாயங்கால வகுப்பில் பேர் கொடுக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

4

அவர் அப்போது தாடி வைத்திருந்தார். கவிதாவுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, அவள் வீட்டுக்காரனும் இப்போது தாடியோடுதான் அலைகிறான். பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் நம் ஊரில் புருஷன் முடி வெட்ட மாட்டான், முகம் மழிக்க மாட்டான். மாமியார் போன் போடும்போதெல்லாம், "சவரம் பண்ணிடாதடா, ஒங்கப்பா பண்ணல" என்று ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பார். ஆபீஸில் மேனேஜர் ஜாடையாகக் கேட்டும் இவர் எடுக்கவில்லை. பஸ்ஸில் இவர் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும்.

வகுப்பில் எல்லாரும் தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்தார்கள். சம்மணம் போட்டு உட்காருவதில் அங்கே என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை, அந்த மட்டில் ஒரு தெம்பு. நடத்துகிறவள் ஹெலன், பிரசவம் பார்க்கும் நர்ஸ், நல்ல கலகலப்பு. முதல் வேலையாக ஒன்று சொன்னாள். பக்கத்தில் இருக்கும் துணையை நீங்கள் அறிமுகப்படுத்த வேண்டும், அவர் பேர் சொல்லி, அவரிடம் உங்களுக்குப் பிடித்தது என்ன என்று சொல்ல வேண்டும்.

ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இவன் பேர் பால், நல்லா சமைப்பான். இவன் பேர் ஆண்ட்ரு, என்னைச் சிரிக்க வைப்பான். என் முறை வந்தது.

அவர் பேர் கலியமூர்த்தி. இதோ, எழுத வருகிறது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அன்றுவரை என் வாயால் அந்தப் பேரைச் சொன்னதில்லை. "ஏங்க" என்பேன், "இந்தாங்க" என்பேன். யாராவது கேட்டால் "எங்க வூட்டுக்காரர்". புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். நான் பி.எஸ்சி. படித்தவள், அதையெல்லாம் நம்புகிறவளா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நாக்கு படிக்கவில்லையே. வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"இவள் கொஞ்சம் கூச்சம். நானே சொல்லிடறேன்" என்று அவர் இங்கிலீஷில் முந்திக்கொண்டார். தன் பேரைச் சொன்னார், என் பேர் வளர்மதி என்று சொன்னார், நான் கெட்டிக்காரி என்று சொன்னார். என்னைக் காப்பாற்றுகிறாராம்.

அதோடு நிறுத்தினாரா? டீ வேண்டுமா என்று ஹெலன் என்னைக் கேட்டால் இவர், "அவளுக்கு டீ ஒத்துக்காது, வெந்நீர் போதும்" என்கிறார். வலிக்குப் பயமா என்று என்னைக் கேட்டால், "பயமெல்லாம் இல்லை" என்று இவர் சொல்கிறார். நான் நம் ஊர் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறேன், அது ஆமாவா இல்லையா என்று ஹெலனுக்குத் தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், அவர் தாடியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை.

5

அடுத்த வாரம் ஆண்களையெல்லாம் நாற்காலி தூக்கிப் போடச் சொல்லி அனுப்பிவிட்டு, ஹெலன் என்னைச் சின்னச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள், "வீட்டில் யாரைக் கண்டாவது உனக்குப் பயமா?"

நான் சிரித்தேன். வேறென்ன செய்வது? அவள் சிரிக்கவில்லை.

"அவர் உன்னை எப்போதாவது அடித்திருக்கிறாரா?"

எனக்குத் தலையில் யாரோ கொள்ளியை வைத்த மாதிரி இருந்தது. இவரா? கரப்பான்பூச்சியைக்கூட அட்டையில் ஏந்தி வெளியே விடுகிற மனுஷன்! யாரைப் பார்த்து என்ன கேட்கிறாள்? "நாங்கள் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை. நாங்கள் மரியாதையான குடும்பம்" என்று படபடவென்று சொன்னேன். என் இங்கிலீஷ் அவ்வளவு வேகமாக ஓடினது அன்றைக்குத்தான்.

சொல்லி வாயை மூடவில்லை, அது அப்பா பேச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தம்பி பிறந்தபோது எனக்குப் பதினாலு வயது. வயசுக்கு வந்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு அம்மா உண்டாகிவிட்டாள் என்று குழாயடியில் சிரித்தார்கள். அம்மா தண்ணிக்குப் போவதையே விட்டுவிட்டாள், நான்தான் போவேன். நானும் அவளைப் பார்த்து வெட்கப்பட்டேன். ஒரு நாள் மத்தியானம் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று அப்பா அவளை அறைந்தார். நிறைமாத வயிறு. உதடு கிழிந்துவிட்டது. சாயங்காலம் வலி எடுத்தது. அரியலூருக்கு பஸ் ஏறினோம், அம்மாவும் நானும் ஒரு துணிப்பையும். அப்பா பின்னால் வருகிறேன் என்றார்.

ஆஸ்பத்திரியில் வூட்டுக்காரர் பேர் என்னம்மா என்று கேட்டார்கள். அம்மா சொல்ல மாட்டாளே, வலியிலும் என் முகத்தைத்தான் பார்த்தாள். "கோவிந்தசாமி" என்று நான் சொன்னேன். அங்கே இருந்த நர்ஸ் அக்கா பேரை எழுதிக்கொண்டு தலை நிமிர்ந்தவர், அம்மாவின் உதட்டைப் பார்த்தார். கேட்டுவிடப் போகிறாரே, எல்லார் முன்னாலும் கேட்டுவிடப் போகிறாரே! அவர் கேட்கவில்லை. பஞ்சை எடுத்துத் துடைத்துவிட்டு உள்ளே அனுப்பினார். அப்பாடா, மானம் தப்பியது என்று நான் நிம்மதியாகப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஹெலன் இன்னும் என் கையை விடவில்லை. எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியது யாரை என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை. நானும்தான் கேட்டதில்லை. அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். நான் அழுதேன். அழுதால் அவள் என்ன நினைப்பாள்? அவளுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

6

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு ஒரு அம்மாள் வந்தார். பிரஷர் பார்க்க வந்ததாகச் சொன்னார். பிரஷரும் பார்த்தார், வீட்டையும் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம், "நீங்கள் கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா?" என்றார். அவரும் சரிங்க என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய், சாரலில் எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் நின்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே எல்லாக் கேள்விக்கும் இல்லை இல்லை என்றேன். வாசலில் போலீஸ் நிற்கக் கூடாது என்று அப்பா அங்கே பயந்தார், இங்கே போலீஸ் இல்லாமலே விசாரணை நடந்தது.

அந்த அம்மாள் போனதும் அவர் உள்ளே வந்து தலையைத் துவட்டினார்.

"என்னா கேட்டாங்க?"

"ஒண்ணுமில்லங்க."

"மதி, என்னா கேட்டாங்கன்னு சொல்லு."

சொன்னேன். அவர் துண்டைப் பிடித்தபடியே அப்படியே நின்றார். கோபப்படுவார் என்று பார்த்தேன். கண்ணாடி முன்னால் போய் நின்று தன் முகத்தைப் பார்த்தார்.

"நான் அப்படியா தெரியுறேன்?" என்றார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தாடியை எடுத்துவிடுகிறேன் என்று ரேசரைத் தேடினார். நான்தான் வேண்டாம் என்று பிடுங்கி வைத்தேன். "நீங்க ஒண்ணும் பண்ண வாணாம். நான்தான் பண்ணணும்" என்றேன். பிரசவத்தன்று இவரை வெளியே நிறுத்திவிட்டால் நான் யாரோடு உள்ளே போவேன்?

அடுத்த வகுப்பில் ஆரம்பிக்கும் முன்னாலேயே எழுந்து நின்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுவதற்கே பெரும்பாடு. "முதல் நாள் நான் இவர் பேரைச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்வதில்லை, பயத்தினால் இல்லை. தாடியும் எனக்காகத்தான், பிள்ளை பிறந்ததும் எடுத்துவிடுவார்" என்று சொன்னேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவர் பேர் கலியமூர்த்தி" என்றேன். யாரோ கை தட்டினார்கள், தொடர்ந்து எல்லாரும் தட்டினார்கள். ஊரில் கோயில் வாசலில் சேலை அவிழ்ந்துவிட்ட மாதிரி நான் நின்றேன். ஹெலன் வந்து கட்டிக்கொண்டாள். பிரசவ அறைக்குத் துணை நீங்கள்தானே என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் டிக்கெட்டை மடித்துக்கொண்டே வந்தார். பிறகு, "நீ சொன்னப்ப வேற யாரையோ கூப்டுற மாதிரி இருந்துச்சு" என்றார். இப்போது மகள் நர்சரியில் கேட்டுக்கொண்டு வந்து, "கலி, கலி" என்று அப்பாவைப் பேர் சொல்லியே கூப்பிடுகிறாள். அவர் திரும்பிப் பார்க்கிறார், எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் முகம் சுண்டுகிறது.

7

கவிதாவிடம் நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அந்த வகுப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அம்மாவுக்குப் போன் போட்டேன். எங்கள் வீட்டுப் போனுக்கு இல்லை, அங்கே பக்கத்திலேயே அப்பா உட்கார்ந்திருப்பார். அடுத்த வீட்டு மல்லிகா அக்காவுக்குப் போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். அம்மா மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"என்னாடி, வலி எடுத்துடுச்சா?"

"இல்லம்மா. ஒண்ணு கேக்கணும். அப்பா இன்னமும் ஒன்ன அடிக்கிறாரா?"

அந்தப் பக்கம் மல்லிகா அக்கா வீட்டு டிவி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் விடவில்லை. "சொல்லும்மா. இத்தன வருசத்துல நான் ஒன்னக் கேட்டதே இல்ல."

அம்மா குரல் வேறு மாதிரி மாறியது. சின்ன வயதில் என்னை யாராவது அடித்துவிட்டால் தெருவில் இறங்கிக் கேட்பாளே, அந்தக் குரல்.

"இப்ப எதுக்கு நீ இதக் கேக்குற? வளரு, மறைக்காம சொல்லு. மாப்ள ஒன்ன அடிக்கிறாரா?"

"அம்மா..."

"வயித்துப் புள்ளக்காரிய அடிக்கிறானா அவன்? நான் கெளம்பி வரேன். நாளைக்கே திருச்சிக்குப் போறேன். போலீஸு வந்தா வரட்டும், உங்கப்பன் வெட்டிப் போட்டாலும் போடட்டும், நான் வரேன். நீ அடிக்கிறான்னு மட்டும் சொல்லு."

அடுப்படியில் அவர் எனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். மோர் ஊற்றியா, வெறும் கஞ்சியா என்று சைகையில் கேட்டார். நான் அவர் தாடியைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அம்மா வந்துவிடுவாள். அறைக்குள் அம்மா இருப்பாள். என் இடுப்பை நீவிவிடுவாள். சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். கடவுள் சத்தியமாக நினைத்தேன்.

"ஏண்டி பேச மாட்டேங்குற?" அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இல்லம்மா" என்றேன். "அவுரு அடிக்கலம்மா. ஒரு நாளும் அடிச்சதில்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். பெருமூச்சு விட்டாள். எத்தனையோ நாள் கழித்து அவள் அவ்வளவு நிம்மதியாகப் பேசி நான் கேட்டேன்.

"அப்பறம் நான் எதுக்குடி அங்க?" என்றாள்.